மாஸ்டாய்டில் விழும் அழுத்தம்

“ரெண்டே ரெண்டு வார்த்தைதானே கேக்கேன் அண்ணே, காதுக்குப் பொறத்தால எண்ணு—”

“ரிஜிஸ்டர்ல இனி கை வைக்கப்பிடாது புஷ்பம், அது சர்க்காருக்க—”

“—எழுதுகதுக்கு இடமும் கெடக்கு, நான் பாத்தேன், ஓரத்துல வெள்ளையாட்டு—”

“—சர்க்காருக்க பொஸ்தகமாக்கும், பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடிச்சது, கீழ டாக்டர் கையெழுத்துப் போட்டது—”

“—ஒரு விரக்கடை இடம். எனக்க மாப்பிளைக்க ஆறு மாச ஜெயிலு அந்த விரக்கடையில நிக்குது.”

மருந்து கொடுக்கிற சன்னலுக்கு இந்தப் பக்கம் புஷ்பபாய், அந்தப் பக்கம் கம்பவுண்டர் ஞானசிகாமணி. அவளுக்குப் பின்னால் குப்பியும் கையுமாக ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை. மிக்சர் வாங்க வந்த ஒரு கிழவர் மட்டும், எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று பொதுவாகக் கேட்டார். ஞானசிகாமணி அவருடைய குப்பியை வாங்கி, வழக்கத்தைவிட ஒரு அவுன்ஸ் கூட ஊற்றிக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். பிறகு புஷ்பபாயைப் பார்க்காமலேயே, மத்தியானம் கோட்டர்ஸுக்கு வா, விஜயம்மா இருப்பாள், அங்கே வைத்துச் சொல்கிறேன் என்றார்.

கொல்லயில் என்கிற ஊரை ஒட்டி, ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, மூன்று அறையுள்ள தர்மாஸ்பத்திரி அது. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். வந்ததும் ரிஜிஸ்டரை விரித்து, இடையில் எழுதியதற்கெல்லாம் கீழே கையெழுத்துப் போடுவார். மற்ற நாளெல்லாம் தையல் போடுவதும் கட்டுக் கட்டுவதும் எழுதிவைப்பதும் ஞானசிகாமணிதான். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் படிப்புப் படித்தவர். புஷ்பபாய்க்கு அவர் சபையில் பாட்டு நடத்துகிற அண்ணன். அவள் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவருடைய கைத்தாளத்தைப் பார்த்துத்தான் அவள் வாயைத் திறந்திருக்கிறாள்.

ஐம்பத்து நாலாம் வருஷம் கர்க்கடக மாச மழை விட்ட ஒரு நாள். தமிழ்த் தாலுகாக்களை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று சந்தை முக்கில் ஜாதா, ஊர்வலம், வந்தது. கொல்லயில் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். புஷ்பபாயின் புருஷன் யோசுவா தலையில் ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கோடு ரோட்டோரம் ஒதுங்கி நின்றான். சுமடு எடுப்பதுதான் அவன் பிழைப்பு. எல்லோரும் கூவியபோது அவனும் ஒரே ஒரு தடவை கூவினான். தலையில் சுமடு இருந்ததால் கையைத் தூக்கவில்லை என்று பிறகு வீட்டில் சொன்னான். போலீஸ் தடியைச் சுழற்றியதும் சாக்கைப் போட்டுவிட்டு, சும்மாட்டுத் துணி மட்டும் கையில் இருக்க, ஓடினான். பின்னால் இருந்து வந்த அடி வலது காதின் அடியில் விழுந்தது. ஓடையில் கவிழ்ந்துவிட்டான்.

அன்றைக்கு பதினொரு பேரைப் பிடித்து, முதலில் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஸ்டேஷன். யோசுவா கம்போடு போலீசுக்காரன் மேல் நேருக்கு நேராகப் பாய்ந்தான், தற்காப்புக்கு அடித்தோம் என்பது கேஸ். ஜாமீனில் வீட்டுக்கு வந்தபோது காதுக்குப் பின்னால் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். தோல் கிழியவில்லை. நீலம் பாரித்து, மஞ்சளாகி, மூன்று வாரத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அடியில் இருந்த தசை மட்டும் சுருங்கிக்கொண்டு விடமாட்டேன் என்றது. தலை வலது தோளுக்குச் சாய்ந்தது. தாடை இடப்பக்கம் திரும்பி நின்றது. சுமடு வைத்தால் சாக்கு சரிந்து விழுந்தது.

காலையில் வெயிலைப் பார்க்க அவன் முற்றத்தில் நிற்பான். அடுத்த வீட்டு எலியா அதைப் பார்த்துவிட்டு, யோசுவாவுக்கத் தலை நாகர்கோவிலுக்குச் சாயுது, தாடை திருவனந்தபுரத்தைப் பாக்குது, ஒரு முடிவுக்கு வாலே என்பான். எல்லைக் கமிஷன் வந்து தீர்ப்புச் சொல்லட்டும், பெறகு நேராக்கலாம் என்று யோசுவா பதில் சொல்வான். சிரித்தால் கழுத்து வலிக்கும். அதனால் மற்றவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத் தான் சிரிக்காமல் நிற்பான்.

ஜாதா கேஸுகளைக் கூலி வாங்காமல் நடத்திக்கொண்டிருந்தவர் வக்கீல் பூதலிங்கம். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரின் நகலை எடுத்து வந்து புஷ்பபாய்க்குக் காட்டினார். யோசுவாவின் பேருக்கு நேரே ஒரே வரி. கன்டியூஷன், ரைட் ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு. கன்டியூஷன் என்றால் ஊமைக்காயம், ரைட் என்றால் வலது. மூன்றாவதுதான் விஷயம். ஒருத்தன் நேரே பாய்ந்து வரும்போது அடித்தால் அடி முன்பக்கம் விழும், காதுக்குப் பின்னால் விழாது. பின்னால்தான் விழுந்தது என்று காட்டிவிட்டால் போலீஸ் சொல்லும் கதை நிற்காது. ஆனால் இந்தச் சொல் முன்னா பின்னா? வக்கீல் ஒரு டாக்டரிடம் கேட்டாராம். கழுத்தில் உள்ள நீளத் தசை, முன்னாலிருந்து பின்னால் போகும், எந்த இடம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றாராம். கையெழுத்துப் போட்ட டாக்டரோ யோசுவாவைப் பார்த்ததே இல்லை. கொல்லத்துக்கு மாற்றலாகியும் போய்விட்டார். எழுதினவனிடமே கேள் என்று வக்கீல் அனுப்பித்தான் அவள் மருந்துச் சன்னலுக்கு வந்தாள்.

மத்தியானம் கோட்டர்ஸில் அவர் மனைவி விஜயம்மா கஞ்சி வெள்ளம் கொடுத்தாள். ஞானசிகாமணி கல்வத்தையும் குழவியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அந்தச் சொல்லை உடைத்துத்தான் பார்க்க வேண்டும், முழுசாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா கற்றுக்கொடுத்த சொல். முட்டியைத் தட்டிப் பார்க்கிற சின்னச் சுத்தியலால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார்களாம். பையன்கள் கீர்த்தனைபோல் தாளம் போட்டுப் படித்தார்களாம்.

கிரேக்கு பாஷையிலிருந்து எடுத்த மூன்று துண்டு. ஸ்டெர்னோ, நெஞ்சின் நடு எலும்பு. க்ளைடோ என்றால் சாவி, நாம் தாக்கோல் என்போமே, அது. தோளுக்கு முன்னால் குறுக்கே கிடக்கிற காறை எலும்புக்கு அந்தப் பேர். மாஸ்டாய்டு, காதுக்குப் பின்னால் உருண்டு நிற்கிற எலும்பு. அதற்குக் கிரேக்கில் ஒரு அர்த்தம் உண்டு, அது இப்போது வேண்டாம் என்று ஞானசிகாமணி குழவியைத் துடைத்தார்.

அடுக்களையிலிருந்து விஜயம்மா சொன்னாள். “பெத்த தாய்க்க மாரு போல இருக்கப்பட்ட எலும்பு எண்ணு சொல்லுங்களேன். மூணு பிள்ளை வளத்த வீட்டுல இதுக்கு என்ன வெக்கம்.”

புஷ்பபாய் தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தாள். இருந்தது. சின்னதாக, உருண்டு, கெட்டியாக.

தசை எப்படிப் போகிறது என்று அவர் காட்டினார். நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் கால் ஊன்றி, சரிவாக ஏறி, காதுக்குப் பின்னால் தன் தலையைச் சாய்க்கிறது. தென்னையில் சாய்த்த ஏணிபோல. கால் வைத்த இடம் இரண்டையும் முன்னால் சொல்லி, போய்ச் சேர்கிற இடத்தைக் கடைசியில் சொல்வதுதான் அந்தப் பேர்.

பிறகு குழவியால் தட்டினார். ஸ்டெர், னோ, க்ளை, டோ, மாஸ், டாய்டு. ஆறு தட்டு. ஆறும் ஒன்றுபோல் இல்லை. முதலாவதில் ஒரு சின்ன அழுத்தம், மூன்றாவதில் ஒரு சின்ன அழுத்தம், ஐந்தாவதில்தான் முழு அழுத்தம். னோவும் டோவும் காற்றுப்போல் போக வேண்டும். நம் ஆட்களுக்கு எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி நிறுத்திச் சொல்லித்தான் பழக்கம், அதனால் டாக்டரம்மாவிடம் எல்லோரும் திட்டு வாங்கினார்கள், அவருக்கே ஒன்றரை மாசம் ஆனது என்றார். புஷ்பபாய்க்கு அதிக நேரம் ஆகவில்லை. கையால் தொடையில் தட்டி இரண்டு தடவை முணுமுணுத்தாள். மூன்றாவது தடவை அது சரியாக வந்தது. ஞானசிகாமணி குழவியைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்பம் அழுத்தம் விழுகது மாஸ்லயாக்கும்,” என்றாள். “காதுக்குப் பொறத்தால. அவருக்கு அடி விழுந்த அதே இடம்.”

“ஆமா.”

“நீங்க கோர்ட்டுல இப்பிடி அழுத்திச் சொன்னா அவங்களுக்குப் புரியும்தானே அண்ணே? பாட்டுல எந்த வார்த்தை முக்கியமோ அதுலதானே நாம தாளத்தைக் கொண்டு நிறுத்துகோம்?”

விஜயம்மா அடுக்களை வாசலில் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கும் ஆமா என்றார். அந்த ஆமாவை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புஷ்பபாய் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மரச்சீனி சீவும்போது சொன்னாள். கிணற்றில் வாளி இறங்கும்போது னோவும் டோவும் கயிற்றோடு போயின, வாளி வெள்ளத்தில் முட்டும்போது மாஸ் விழுந்தது. யோசுவா கேட்டுவிட்டு, எனக்க கழுத்துலயா இத்தனையும் குடியிருக்கு என்றான். நெஞ்சு உண்டு, தாக்கோல் உண்டு, தாய்க்க மாரு உண்டு, ஒரு குடும்பமே உண்டே, வாடகை கேக்கணும் என்றான். அவள் அவனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவன் சொல்லும்போது அழுத்தம் எங்கேயும் விழவில்லை. இடப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சாக்கு எண்ணுவதுபோல் ஆறையும் சமமாகச் சொன்னான்.

வியாழக்கிழமை வக்கீல் வீட்டில் அவள் சொல்லிக் காட்டினாள். பூதலிங்கம் ஒரு தடவை கேட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நன்றாகச் சொல்கிறாய், நான்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டேன் என்றார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

“கோர்ட்டுல பேசுறது எல்லாம் காகிதத்துக்குப் போகும், புஷ்பபாய். இந்த அழுத்தம் காகிதத்துல ஏறாது.”

அவளுக்குப் புரிகிற மாதிரி பென்சிலால் இரண்டு கோடு போட்டுச் சொல்லைப் பிரித்தார். மூன்றில் முதல் இரண்டு துண்டும் போலீஸ் பக்கம் நிற்கும். நெஞ்சில் தொடங்குகிறது, காறை எலும்பில் தொடங்குகிறது, ஆகவே முன்பக்கம் என்பார் அரசாங்க வக்கீல். கடைசித் துண்டு மட்டும் நமக்கு. ஒரே வரி, இரண்டு பேரும் இழுக்கலாம். சொல் போதாது, வீக்கம் எங்கே இருந்தது என்று கம்பவுண்டர் தன் வாயால் சொல்ல வேண்டும், ரிஜிஸ்டரில் ஏன் அதை எழுதவில்லை என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

பிறகு ஒன்று சொன்னார். அசல் ரிஜிஸ்டரை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அன்றைய பதினொரு பேரில் முதல் ஆளுடைய வரியில் ஒரு சின்ன இங்கிலீஷ் சொல்லை எழுதி அடித்திருக்கிறது. அடித்ததற்குக் கீழே படிக்க முடிகிறது. பேக், முதுகுப் பக்கம். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இதுபோல் ஒரு நீளச் சொல். அதற்குக் கீழே உள்ள பத்து வரியும் நீளச் சொல்தான். அதற்கு முந்தின நாள்வரை அந்த மனுஷன் தலை, கை, கால் என்று பச்சையாகத்தான் எழுதியிருக்கிறார். ஏன் என்று கேள் என்றார்.

சனிக்கிழமை சாயந்திரம் சபைக் கோயிலில் பாட்டுப் பழக்கம். மறுநாள் பாடவேண்டிய கீர்த்தனையில் இரண்டு இடத்தில் ஞானசிகாமணியின் கை தவறியது. அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் போன பிறகு புஷ்பபாய் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்முன் வந்து நின்று, அடித்த சொல்லைப் பற்றிக் கேட்டாள்.

முதலில் அவசரத்தில் கை பிசகியது என்றார். பதினொரு பேர், ஒருத்தன் கத்துகிறான், ஒருத்தனுக்கு ரத்தம் நிற்கவில்லை என்றார். மருத்துவப் பேர்தான் முறை, பச்சையாக எழுதுவதுதான் தப்பு என்றார். முந்தின நாள்வரை தலை, கை, கால் என்றுதானே எழுதினீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ஒரு போலீசுக்காரன் மருந்துச் சன்னலில் தோளைச் சாய்த்து நின்றான். யோசுவாவை அடித்தவனும் அவனே. ஞானசிகாமணி முதல் ஆளுக்கு முதுகில் இருந்த அடியைப் பார்த்து, பேக் என்று எழுதினார். அவன் உள்ளே கையை நீட்டி அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தான். அந்த அளவுக்கு அவனுக்கு இங்கிலீஷ் தெரியும். பேக் எந்தினா, எதற்கு, என்று மலையாளத்தில் கேட்டான். நிங்களும் ஆ கூட்டத்திலாணோ, நீரும் அந்தக் கூட்டம்தானா, என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்த நாளில் தமிழ்க் கட்சி ஆள் என்று பேர் விழுந்த சர்க்கார் வேலைக்காரன் வடக்கே எங்கேயாவது மாற்றலாகிப் போய்ச் சேர வேண்டியதுதான். அவருக்குப் பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருந்தது.

“பயந்துட்டேன் புஷ்பம்,” என்றார். “ஆனா பொய் எழுதப்பிடாது எண்ணு நெனச்சேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாத வார்த்தையாப் போட்டேன். உள்ளதைத்தான் எழுதினேன். ஒளிச்சு எழுதினேன். படிச்ச ஒருத்தன் என்னைக்காவது தொறந்து பாப்பான் எண்ணு.”

“தாக்கோலையும் உள்ளயே போட்டுப் பூட்டியிருக்கீங்க அண்ணே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டாய்டுக்கு மேலே என்று தனியாக எழுதியிருந்தாலே போதும், அதுகூட அவனுக்குப் புரிந்திருக்காது என்றார். ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தில், டாக்டரம்மா மேசையில் தட்டிக் கொடுத்த முழுச்சொல்தான் கைக்கு வந்தது. அழுத்தம் மாஸில்தானே விழுகிறது, வாசிக்கிற டாக்டருக்குக் கேட்கும் என்று அவரும் நினைத்துவிட்டார். அவள் கோட்டர்ஸில் நினைத்ததைத்தான் அவரும் நினைத்திருக்கிறார் என்பது புஷ்பபாய்க்கு அப்போதுதான் தெரிந்தது. அவரை வைய வேண்டும் என்று வந்தவள் அதை விட்டுவிட்டாள்.

இதை அப்படியே கோர்ட்டில் சொல்லுங்கள், சன்னலில் அவன் நின்றதையும் விரல் வைத்ததையும் சொல்லுங்கள், காரணம் உங்கள் வாயால் வர வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார் என்றாள். அவர் பாக்கலாம் என்றார். அவள் போகாமல் நின்றாள். சொல்லுவேன் என்றார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். வெறும் பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் ஆறு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விசாரணை. கூண்டில் யோசுவாவை நிறுத்தியிருந்தார்கள். மாஜிஸ்ட்ரேட்டு அவனுக்கு வலப்பக்கம். அவன் தாடையோ இடப்பக்கச் சன்னலைப் பார்த்து நின்றது. கோர்ட்டினெ நோக்கி நில்க்கான் வய்யே, கோர்ட்டைப் பார்த்து நிற்க முடியாதா, என்று மாஜிஸ்ட்ரேட்டு கேட்டார். அவன் உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தான். அப்படிச் செய்தால் முதுகு மற்ற வக்கீல்களுக்கு வந்தது, அதற்கும் ஒருத்தர் முனகினார். இந்தக் கழுத்துத்தான் கேஸ் என்று பூதலிங்கம் எழுந்து சொன்னார். பின்பெஞ்சில் ஓரிரண்டு பேர் சிரித்தார்கள். புஷ்பபாய் முந்தானைக்குள் அவனுடைய சும்மாட்டுத் துணியைப் பிடித்திருந்தாள். காட்ட வேண்டி வந்தால் காட்டலாம் என்று கொண்டுவந்தது. யாரும் கேட்கவில்லை.

ஞானசிகாமணி சபைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறியதும் வாசல் பக்கம் பார்த்தார். அந்தப் போலீசுக்காரன் நிலையில் தோளைச் சாய்த்து நின்றான். மருந்துச் சன்னலில் நின்ற அதே சாய்வு.

காயம் எது என்று பூதலிங்கம் கேட்டார். அவர் சொன்னார். அழகாகச் சொன்னார், முதலாவதிலும் மூன்றாவதிலும் சின்னதாகத் தொட்டு, ஐந்தாவதில் முழுசாக இறங்கி. கிளார்க்கு பேனாவை நிறுத்தி, ஒந்நுகூடி, இன்னொரு தடவை, என்றான். மறுபடி சொன்னார். கிளார்க்கு ரிஜிஸ்டரைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டான். புஷ்பபாய்க்கு அவன் கை தெரிந்தது. பேனா எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில்தான் போனது.

அந்தத் தசை முன்பக்கமா பின்பக்கமா என்று அரசாங்க வக்கீல் கேட்டார். இரண்டும் உண்டு என்றார் ஞானசிகாமணி. வீக்கம் காதுக்குப் பின்னால்தானே இருந்தது என்று பூதலிங்கம் கேட்டார். ஆமா என்றார். அது ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறதா என்று மற்றவர் கேட்டார். அந்த வார்த்தைக்குள் இருக்கிறது என்றார். அதற்கும் சிரித்தார்கள். முன்பக்கமும் அதே வார்த்தைக்குள் இருக்கிறதுதானே என்றார் அரசாங்க வக்கீல், சிரிக்காமல், மரியாதையாகவே. ஞானசிகாமணியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. படித்தவர்.

பூதலிங்கம் அசல் ரிஜிஸ்டரைக் கூண்டின் விளிம்பில் விரித்து வைத்தார். முதல் வரியில் அடித்திருந்த சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, இது என்ன, ஏன் அடித்தது, யார் சொல்லி அடித்தது என்று மெல்ல மெல்லக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் இடம் விட்டார். புஷ்பபாய் எழுந்து நின்றுவிட்டாள். சொல்லுங்கள் என்று அவள் வாய் அசைந்தது. அவள் பாட வாய் திறப்பதற்கு முன்னால் அவர் கையைப் பார்ப்பாளே, அதுபோல் அவர் இப்போது அவளைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வாசலில் நின்றவன் ஒன்றும் செய்யவில்லை. ஒரு காலை எடுத்து மறுகாலுக்கு மாற்றினான், அவ்வளவுதான்.

“கை பெசகினது,” என்றார் ஞானசிகாமணி.

பூதலிங்கம் ரிஜிஸ்டரை மூடினார். இறங்கலாம் என்று சொன்ன பிறகும் ஞானசிகாமணி இறங்கவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கையால் கம்பியில் தட்டிச் சொன்னார். ஐந்தாவது தட்டில் கம்பி அதிர்ந்தது.

“அது எழுதியாயிற்று,” என்றார் மாஜிஸ்ட்ரேட்டு. மலையாளத்தில் அல்ல, அவருக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார். அதில் கோபம் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பு. காயம் பின்புறம் விழுந்தது என்பதற்குப் பதிவு இல்லை. ஆறு மாசம். அப்பீல் போடலாம், ஆனால் அங்கேயும் இதே காகிதம்தான் போகும் என்று பூதலிங்கம் புஷ்பபாயிடம் ஒளிக்காமல் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வராந்தா வழியாக யோசுவாவைக் கொண்டுபோனார்கள். அவள் நின்றது அவனுக்கு வலப்பக்கம். அவனால் திரும்ப முடியவில்லை. உடம்பைத் திருப்பப் பார்த்தான், பிடித்திருந்தவன் விடவில்லை. அவள் தூணைச் சுற்றி ஓடி இடப்பக்கம் வந்தாள். சீவிப் போட்ட மரச்சீனியை மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்றான். எலியாவிடம் தலை நாகர்கோவிலுக்கே போகட்டும், தாடை திருவனந்தபுரம் போகிறது என்று சொல்லிவிடு என்றான். திருவனந்தபுரத்துப் பூஜப்புரை ஜெயிலைத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. வண்டி திரும்பும்வரை அவன் தாடை அவள் பக்கமாகவே இருந்தது. அவளைப் பார்க்கத்தான் அப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

கோர்ட்டு முற்றத்தில் கூட்டம் கலைந்தது. பாறசாலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மதில் ஓரம் ஒரு கல்லில் புஷ்பபாய் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுத்து உதறினாள். ஓடையில் விழுந்த சேறு இன்னும் ஒரு மடிப்பில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். வெள்ளைக் கோட்டோடு ஒரு நிழல் வந்து பக்கத்தில் நின்றது. அவள் நிமிரவில்லை. அவளுடைய கையில் அந்தத் துணி மடிந்து, விரிந்து, மறுபடி மடிந்தது.

“நான் அழுத்தித்தானே சொன்னேன், புஷ்பம்? மாஸ்ல அழுத்தித்தானே சொன்னேன்?”